வேறு குடியுரிமை: ஆம் / இல்லை

21 ஜனவரி 2025, செவ்வாய்

காலையில் வீதியெல்லாம் உறைபனி. ஜெயமலர் அக்காவுக்கு வகுப்பு. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் கார் பழக வந்தவர். சுற்றுவட்டத்துக்குள் நுழையும்போது கண்ணை மூடுகிறார். "அக்கா, கண்ணைத் திறந்துகொண்டு போங்கோ" என்று சொல்வதற்காகவா நான் பயிற்றுநர் பரீட்சை எழுதினேன்? என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் இரண்டு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டியில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம். கஜந்தியின் விசா விண்ணப்பம் கொழும்பிலிருந்து இங்கே, எங்கள் ஹம் நகரத்துக்கு வந்துவிட்டதாம். மனைவியை அழைக்கிறவன் நான் என்பதால் நான் நிரப்ப ஒரு படிவம். ஜெர்மனியில் பிறந்தவர்களுக்கு முதல் பக்கத்தோடு வேலை முடிந்தது. வெளியே பிறந்தவர்களுக்கு மேலும் பக்கங்கள். எங்கே பிறந்தீர்? கோப்பாய். எப்போது வந்தீர்? பதினொரு வயதில், அம்மா அப்பாவோடு. ஜெர்மன் குடியுரிமை எப்போது, எவ்வாறு? 2003, விண்ணப்பித்து. அதற்கு முன் எந்த நாடு? இலங்கை. கடைசியில்: வேறு குடியுரிமை தற்போது உண்டா, ஆம் / இல்லை. ஆம் எனில் எது, எப்போது, எவ்வாறு பெற்றீர்?

ஆம். இலங்கை, 2017, விண்ணப்பித்து. கையெழுத்து. தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. "நிரப்பியாச்சு" என்று கஜந்திக்குச் செய்தி போட்டேன். ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

போன ஓகஸ்டில் கலியாணம். அன்று முதல் நான் இங்கே, அவள் சாவகச்சேரியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில். நாற்பத்திரண்டு வயதில் கட்டியவனுக்குப் பொறுமை தானாக வந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு வரவில்லை.

23 ஜனவரி, வியாழன்

படிவத்தைப் பிரதி எடுக்க எங்கள் பயிற்சிப் பள்ளி அலுவலக இயந்திரத்தில் வைத்தேன். அங்கே கணக்கு, தபால், எங்கள் சண்டைகள் எல்லாவற்றையும் பார்ப்பவள் சாண்ட்ரா. இயந்திரத்திலிருந்து வரும் எந்தக் கடதாசியையும் வாசிக்காமல் விடமாட்டாள்.

"2017இலா வாங்கினாய்? முன்கூட்டி அனுமதி எடுத்தாயா?"

"யாரிடம்?"

"ஜெர்மனியிடம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மாமனார் துருக்கிக்காரர், இந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஜெர்மன் குடியுரிமை எடுத்த பிறகு, ஊரில் ஏதோ தேவைக்குத் துருக்கிக் குடியுரிமையையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பல வருடம் கழித்துக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனால், ஐயா, நீங்கள் ஜெர்மன்காரரே இல்லை என்றார்களாம். அப்போதைய சட்டம் அதுதான் என்றாள். அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டின் குடியுரிமையைக் கேட்டு வாங்கினால் ஜெர்மன் குடியுரிமை தானாகவே போய்விடும். யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

"இதை இன்றைக்குத் தபாலில் போடாதே" என்று சொல்லி, படிவத்தை அவளே மடித்து என் பைக்குள் வைத்தாள்.

24 ஜனவரி, வெள்ளி

இணையத்தில் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம்.

26 ஜனவரி, ஞாயிறு

வுப்பர்டாலில் கடை வைத்திருக்கும் பரராசசிங்கம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

இதை எனக்காகவே எழுதி வைக்கிறேன், குழம்பாமல் இருக்க. 2016இல் அம்மா காலமானார். கோப்பாய்க் காணி அம்மா பெயரில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு காணி உறுதியை என் பெயருக்கு மாற்றுவது கரைச்சல், இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு வாரும் என்றார் அங்கே உறுதி எழுதும் நொத்தாரிசு. அந்த நேரம் எல்லாரும் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பரராசசிங்கம் அண்ணை தன் கடையின் பின்னறையில் மேசை போட்டு எங்கள் எல்லாருக்கும் படிவம் நிரப்பினார். காசு வாங்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஒரு வான் பிடித்து பெர்லினில் இலங்கைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் மரக்கறி ரொட்டி, பழைய பாட்டு, சுற்றுலா மாதிரித்தான் இருந்தது. அதே வானில்தான் ஜெயமலர் அக்காவும் இருந்தார். குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் வரிசையாக நின்று படம் எடுத்தோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அகதியாக வந்த நாளில் பழகியது. அலுவலகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேளாததைச் சொல்லாதே, நீயாகப் போய் ஒரு கேள்வியும் கேட்காதே. அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் ஜெர்மன் பாடம் அதுதான், வாயை மூடிக்கொண்டிருப்பது.

"அண்ணை, அப்ப நீங்கள் இவங்களிட்டை முன்னம் ஒருக்காக் கேட்டனீங்களோ?"

"எதுக்குக் கேக்கிறது? கேட்டால் ஏலாதெண்டுதான் சொல்லுவாங்கள்."

"இப்ப என்ன எழுத?"

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு தம்பி. இல்லை எண்டு போடும். கொழும்பு பெர்லினோடை கதைக்கிறதே? அதோடை இப்ப சட்டம் மாறிட்டுதெல்லோ, ரெண்டும் வைச்சிருக்கலாம். பேந்தென்ன."

சட்டம் மாறியது உண்மைதான், போன ஜூனில். அவர் அதைச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. பின்னேரம் சோறு சமைத்து வயிறாரச் சாப்பிட்டேன்.

29 ஜனவரி, புதன்

கஜந்தி வீடியோவில் வந்தாள். மார்ச்சோடு நிற்கிறேன் என்று ஆய்வுகூடத்தில் சொல்லிவிட்டாளாம். தன் இடத்துக்கு வரப்போகும் பெட்டைக்கு வேலை பழக்குகிறாளாம். குளிர்ச் சப்பாத்து அங்கே வாங்குவதா இங்கே வாங்குவதா என்று கேட்டாள். பிறகு, "படிவம் போட்டாச்சே?"

"ஓம், இண்டைக்கு நாளைக்குப் போடுறன்."

அதென்ன பதில்? இன்றைக்கு நாளைக்கு. அவள் சப்பாத்துக் கதைக்கே திரும்பினாள். சாப்பாட்டு மேசையின் கீழே என் வலது கால் நிலத்தை அமத்திக்கொண்டே இருந்தது, பிரேக் அங்கே இருப்பது மாதிரி.

3 பெப்ரவரி, திங்கள்

நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. இம்மாதம் 23ஆம் திகதி, வழக்கமான ஆரம்பப் பள்ளியில். 2003க்குப் பிறகு ஒரு தேர்தலும் நான் தவறவிட்டதில்லை. வாக்குப் போடாத பொடியங்களைக் காரில் வைத்து ஏசியவன்.

நான் ஜெர்மன்காரன் இல்லையென்றால் வாக்குப் போடுவது குற்றம். ஜெர்மன்காரன் என்றால் போடாமல் விடுவது வெட்கம். அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினேன். பிறகு எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். பிறகு திரும்ப ஒட்டினேன். எனக்கு என்ன விசரா?

6 பெப்ரவரி, வியாழன்

சாண்ட்ரா பிடித்துத் தந்த டெர்மின், சந்திப்பு நேரம். டோர்ட்முண்டில் ஒரு சட்டத்தரணி அம்மா. முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. அது எனக்குப் பிடித்தது.

புதிய சட்டம் போன ஜூனிலிருந்துதான், பின்னோக்கிப் போகாது என்றார். நான் "என் குடியுரிமையை எடுத்துவிடுவார்களா?" என்று கேட்டேன்.

"எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பத்திரத்தை உங்கள் கையில் தந்த அன்றே போய்விட்டது."

அந்தப் படத்தில் நான் பத்திரத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

இல்லை என்று எழுதினால்? பொய்யான தகவல். இப்போதைக்கு யாருக்கும் தெரியாமல் போகலாம். கஜந்தி கெதியாக வந்துவிடுவாள். ஆனால் அவளுடைய அனுமதி முழுவதும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கும். ஐந்து வருடம் கழித்தும் பறிக்கலாம்.

ஆம் என்று எழுதினால்? கடவுச்சீட்டைக் கொடுக்கவேண்டும். முன்பு ஜெர்மன்காரராக இருந்தவர்களுக்கென்று ஒரு வதிவிட அனுமதி உண்டு, அதற்கு விண்ணப்பிக்கலாம். எனக்குக் கிடைக்கும் என்று நம்புகிறார். ஆனால் கஜந்தி இனி ஒரு ஜெர்மன்காரனின் மனைவி இல்லை. அவளுடைய விண்ணப்பம் வேறு கோப்பு, வேறு நிபந்தனை. எனக்கு அந்த அட்டை கிடைத்த பிறகுதான் அவளுடையது அசையும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

திரும்பும் ரயிலில் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். டிக்கெட் கையில் இருந்தும் எனக்கு வியர்த்தது.

10 பெப்ரவரி, திங்கள்

ஜெயமலர் அக்காவிடம் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். ஆனால் வானில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர். அவருக்கும் நடந்தது இதுதான். தெரியாமல் இருப்பது எப்படிச் சரி?

சொன்னதும் காரை நிறுத்தினார். சுற்றுவட்டத்துக்கு நடுவில். பின்னால் ஹோர்ன்.

"அக்கா, எடுங்கோ. முதலாவது கியர்."

"நீர் எழுதினால் எங்கடை பேரையும் கேப்பினமோ தம்பி?"

"தெரியாது அக்கா. எடுங்கோ."

"எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து வருஷம்தான் கிடக்கு. இவ்வளவு காலம் அவங்கடை தாய் தேப்பனைத் துடைச்சுக் கழுவினனான். என்னை வெளிநாட்டுக்காரி எண்டு திரும்பவும் வரிசையிலை விடப்போறாங்களோ?"

நான் என் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இடம் மாறி நானே ஓட்டி, அவரை வீட்டில் இறக்கினேன். கதவைச் சாத்துமுன் குனிந்து, "எழுதாதையும்" என்றார். கெஞ்சல் இல்லை. முதியோர் இல்லத்தில் அடம்பிடிக்கும் கிழவர்களிடம் பேசும் குரல்.

16 பெப்ரவரி, ஞாயிறு

ஊன்ட்றொப் அம்மன் கோயில். கும்பிடப் போனேன் என்று சொல்ல ஏலாது. வீட்டில் இருக்க முடியவில்லை.

பரராசசிங்கம் அண்ணை வந்திருந்தார், மகள் சயந்தினியோடும் பேரப்பிள்ளையோடும். என் விஷயத்தை ஜெயமலர் அக்காதான் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். கோயிலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்துப் பதில்களை ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன்.

அவர் ஏசவில்லை. கையிலிருந்த அர்ச்சனை வாழைப்பழத்தை உரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்.

"இவள் சயந்தினிக்கு அப்ப இருபத்தொரு வயசு. அவளுக்கு இலங்கையிலை ஒரு அலுவலும் இல்லை. வானிலை ஒரு இடம் மிச்சம் கிடந்தது, நான்தான் ஏறடி எண்டனான். உந்தப் பிள்ளை பிறந்தது பேந்து. அதையும் ஜெர்மன் பிள்ளை இல்லையெண்டோ சொல்லப்போறாங்கள்?"

சின்னது அந்தநேரம் என் காரின் கண்ணாடியில் முகம் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லமாட்டன் அண்ணை."

"நீர் ஓம் எண்டு எழுதினாலே, சொன்ன மாதிரித்தான். உமக்கு ஒரு மனிசி வரவேணும். நான் படிவம் நிரப்பினது எத்தினை வீட்டுக்கு எண்டு யோசியும்."

எனக்குக் கோபம் வந்தது. உடனே வெட்கமும் வந்தது. அந்த ஆள் ஒரு சதம் வாங்காமல் எங்களுக்காக வேலை செய்தவர். பழத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

20 பெப்ரவரி, வியாழன்

இல்லை என்று ஒரு புதுப் படிவத்தில் எழுதிப் பார்த்தேன். சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க. நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒரு புள்ளடி, அவ்வளவுதானே? சித்திரைக்கு அவள் இங்கே நிற்பாள்.

கிழித்துவிட்டேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

வாக்குப் போடப் போகவில்லை. பள்ளிக்கூட வாசல் வரை நடந்தேன். எங்கள் வீட்டு மேல்மாடிக் கிழவர் வெளியே வந்து, "உள்ளே கூட்டமில்லை, போ போ" என்றார். தலையாட்டிவிட்டு, அவர் மறைந்ததும் திரும்பி வந்தேன். திருடன் மாதிரி.

வந்த வேகத்தில் கஜந்திக்கு எடுத்தேன்.

"அந்தப் படிவம் நான் இன்னும் போடேல்லை."

"தெரியும்," என்றாள். "போட்ட ஆள் இப்பிடிக் கதைக்காது."

எல்லாவற்றையும் சொன்னேன். வான், பத்திரம், சாண்ட்ராவின் மாமனார், அண்ணையின் பேரப்பிள்ளை.

"அப்ப நீங்கள் என்னைக் கட்டேக்கை ஜெர்மன்காரன் இல்லை."

"இல்லைப் போலை."

"ஜெர்மன் சிற்றிசன் எண்டுதானே எங்கடை வீட்டிலை சொல்லிப் பேசினவை."

பகிடியா, குற்றச்சாட்டா, எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "அதுக்குக் கோவமில்லை. ஒரு மாசமா எனக்கு ஒளிச்சுப்போட்டியள். அதுக்குத்தான் கோவம்."

"இல்லை எண்டு எழுதினால் நீர் சித்திரைக்கு வந்திடலாம். ஓம் எண்டால் எப்பவெண்டு தெரியாது. நீர் சொல்லும், நான் எழுதுறன்."

"இஞ்சை லாபிலை இரத்தக் குப்பியிலை ஆளின்ரை பேர் மாறி ஒட்டுப்பட்டால் என்ன செய்யிறது தெரியுமோ? கிழிச்சுப்போட்டு வேறை பேர் ஒட்டுறேல்லை. எவ்வளவு அவசரமெண்டாலும் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, திரும்ப ஊசி குத்தி எடுக்கிறது. ஆக்கள் ஏசுவினம். ஏசட்டும். ஒட்டினதுக்கு மேலை ஒட்டினால் பேந்து எந்த ரிப்போட்டையும் நம்பேலாது."

"கஜந்தி—"

"நான் அங்கை வந்து தபால்காரனைக் கண்டு பயந்துகொண்டு இருக்க ஏலாது. நீங்களும் ஏலாத ஆள். உங்களாலை ஒரு மாசமே ஏலேல்லை."

பிறகு, நாளைக்குப் போய் வேலையை விடவில்லை என்று சொல்லவேணும், அந்தப் பெட்டைக்கு என்ன சொல்கிறதென்று தெரியவில்லை என்றாள். அதில்தான் குரல் உடைந்தது. நானும் அழுதேன். இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

25 பெப்ரவரி, செவ்வாய்

ஆம். இலங்கை, 2017, விண்ணப்பித்து. போட்டாயிற்று.

போடுமுன் பரராசசிங்கம் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். பிறர் வாயால் அவர் கேட்கக்கூடாது. "சரி" என்றார். போனை வைத்தார்.

18 மார்ச், செவ்வாய்

வெளிநாட்டவர் அலுவலகம் கூப்பிட்டது. கதிரையில் இருந்தால் எதிரே இருக்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "என்னை ஞாபகமில்லையா? பின்பக்கமாகக் கார் நிறுத்தத் தெரியாமல் இரண்டு தரம் பரீட்சையில் விழுந்தேன்." ஹம்மில் பாதிப்பேருக்கு நான்தான் கார் பழக்கினேன்; இப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும். "நீங்கள் மிகவும் கண்டிப்பு" என்றாள்.

கேள்விகள் கேட்டாள். எப்போது, ஏன், முன்பு யாரிடமாவது விசாரித்தீர்களா. யார் படிவம் நிரப்பியது, வேறு யார் வந்தார்கள் என்று கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்து என் சட்டை நனைந்துவிட்டது. கேட்கவே இல்லை. அவளுக்கு என் கோப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்தேன். இரண்டையும் எடுத்து ஒரு உறைக்குள் போட்டாள். பதிலுக்கு மடித்த பச்சைக் கடதாசி ஒன்று தந்தாள், வதிவிட அனுமதி முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம் என்று. எழும்பும்போது, "மன்னிக்கவும், திரு இளங்கீரன்" என்றாள். அவள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? ஆனால் நல்ல பிள்ளை.

வெளியே வந்து காருக்குள் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். பையில் எடையே இல்லாத மாதிரி.

9 ஏப்ரல், புதன்

ஜெயமலர் அக்கா வேறு பயிற்சிப் பள்ளிக்கு மாறிவிட்டாராம். சாண்ட்ரா சொன்னாள். நேரம் ஒத்துவரவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார். நேரமாம்.

30 ஏப்ரல், புதன்

ஒன்றுமில்லை. தபால்பெட்டி, பீட்சாக்கடை விளம்பரம்.

22 மே, வியாழன்

வேலை முடியும் நேரம் போன். ஜெயமலர் அக்கா. புது ஆசிரியர் சரியில்லையாம், சுற்றுவட்டத்தில் கத்துகிறாராம். பிறகு:

"தம்பி, உம்மை என்ன செய்தவங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. இருக்கிறன். வேலைக்குப் போறன்."

"வேறை ஆற்றையும் பேர்?"

"கேக்கேல்லை."

"அந்த லோயர் அம்மான்ரை நம்பரைத் தாரும். ஆருக்கும் சொல்லாதையும்."

கொடுத்தேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வரலாமோ என்றும் கேட்டார். வாங்கோ என்றேன்.

ஜூன், தேருக்கு மறுநாள்

ஊன்ட்றொப்பில் சனத்துக்குள் கால் வைக்க இடமில்லை. பரராசசிங்கம் அண்ணை வடத்துக்கு அருகே நின்றார். என்னைக் கண்டார், முகத்தைத் தேர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சயந்தினி தலையசைத்தாள். அவளும் சட்டத்தரணியிடம் போனாளோ இல்லையோ, நான் கேட்கவில்லை. அவர் என்னோடு கதைக்காமல் விட்டது வலிக்கிறது. அப்பா இல்லாத பிறகு எனக்குப் புத்தி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

31 ஜூலை, வியாழன்

அட்டை வந்தது. காலவரையறை இல்லாத வதிவிட அனுமதி. குடியுரிமை என்ற இடத்தில் இலங்கை. படத்தில் நான் ஒரு கொலைகாரன் மாதிரி இருக்கிறேன். கஜந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவரையோ நான் கட்டினனான்" என்றாள். அவளுடைய கோப்பு இனித்தான் அசையும். சம்பளத் துண்டு, வீட்டு ஒப்பந்தம், அறைகளின் அளவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாலை முழுக்க வீட்டை அளந்தேன்.

14 செப்டெம்பர், ஞாயிறு

இன்று நகரசபைத் தேர்தல். எனக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. எதிர்வீட்டுப் போலந்துக்காரனுக்கு வந்திருக்கிறது. ஐரோப்பியனாம், உள்ளூர் வாக்கு உண்டாம். அவனுக்கு இந்த நகரத்தின் மேயர் பெயரே தெரியாது.

9 டிசம்பர், செவ்வாய்

விசா கிடைத்தது.

கஜந்தி எடுத்தபோது நான் சுற்றுவட்டத்துக்குள் ஒரு பொடியனோடு இருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் அழுதுகொண்டே சொன்னாள், பொடியன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். "நீ வீதியைப் பார்" என்றேன். எனக்குத்தான் வீதி தெரியவில்லை.

நானே போய்க் கூட்டி வரப்போகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தாயிற்று. ஜெர்மன் குடியுரிமைக்கும் திரும்ப ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பார்ப்போம். ஜெயமலர் அக்கா நேற்றுக் கார்ப் பரீட்சையில் தேறினார். தன் வதிவிட அட்டைக்கு இன்னும் காத்திருக்கிறார்.

17 ஜனவரி 2026, சனி

நேற்று வந்து சேர்ந்தோம். கஜந்தி இன்னும் தூங்குகிறாள். மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

டுசல்டோர்ப் விமான நிலையம். கடவுச்சீட்டுச் சோதனை. பழக்கத்தில் நான் ஐரோப்பியர் வரிசைக்குத் திரும்பிவிட்டேன். கஜந்தி சட்டையைப் பிடித்து இழுத்து, "அதில்லை, இஞ்சாலை" என்றாள். மற்ற நாட்டவர் வரிசையில் இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம். தன் ஜெர்மன் வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன், பயப்படாதையும், நான் பின்னாலை நிக்கிறன், தடக்குப்பட்டால் நான் கதைக்கிறன் என்று.

ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள். அவள் முதலில் போனாள். இளம் அதிகாரி என்னவோ கேட்டான், அவள் என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான், முத்திரை. போய்விட்டாள்.

பிறகு நான். கடவுச்சீட்டைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். எப்போதிலிருந்து ஜெர்மனியில்? 1993. இங்கே நீங்கள் ஜெர்மன்காரர் என்று ஒரு பதிவு கிடக்கிறதே? இருந்தேன். இருந்தேன் என்றால்? விளக்கினேன். அவனுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தான். ஓரமாக நிற்கச் சொன்னான்.

நின்றேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஜந்தி, என் பெரிய குளிர்ச் சட்டைக்குள், இரண்டு கைப்பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கதிரை இருந்தும் இருக்கவில்லை. நான் முழிப்பதைக் கண்டு, அவசரமில்லை, ஆறுதலாக வாங்கோ என்று கையைக் காட்டினாள்.

கடைசியில் விட்டார்கள். கதவு திறந்து நான் அந்தப் பக்கம் போனதும், "வாங்கோ" என்றாள், வீட்டுக்காரி வந்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. என்னுடைய பையையும் அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.